எழுத்துப் பிழையும் எலும்பு முறிவும்

பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது உபாத்தியாயரின் தொழில். இருபது வருஷங்களாக அந்தத் தொழிலைச் செய்து வருகிறவன் நான். சிவப்பு மைப் பேனாவைக் கையில் எடுத்துவிட்டால் ஒற்றுப் பிழையாயினும், கூட்டல் பிழையாயினும் என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் அடங்கிய கதையை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கதை என்னைப் பற்றியது. ஆனால் அதனுள் இருக்கும் விஷயமோ நம் ஒவ்வொருவருடைய தேகத்தையும் பற்றியது. சென்னையில் ஒரு தமிழ்நாட்டுச் சர்வகலாசாலையில் நடந்த பெரியதொரு விஞ்ஞான சாதனையையும் பற்றியது. ஆகையால் சற்றுப் பொறுமையுடன் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு, தேவகோட்டையில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பதினொரு வயது, வயதுக்குக் குறைந்த உயரம், கணக்கில் மட்டும் புலி. பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் இடது கையில் மாவுக்கட்டுடன் வந்தான். தீபாவளி விடுமுறை கழிந்து வந்தபோது வலது கையில் கட்டு. பொங்கலுக்குப் பிறகு காலில் கட்டு. "என்னப்பா இது?" என்று கேட்டால், "ஊருணிப் படியில் கால் இடறிவிட்டது, ஸார்" என்பான், "நிலைக்கதவைத் தள்ளினேன், ஸார்" என்பான். கதவைத் தள்ளினால் கை ஒடியுமா? சக உபாத்தியாயர்களும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பையனுடைய தகப்பனாருக்குச் சிங்கப்பூரில் உத்தியோகம்; வீட்டில் தாயாரும் அப்பத்தாளும்தான். விஷயம் இன்னதுதான் என்று என் மனம் தீர்ப்பு எழுதிவிட்டது.

தாயாரை வரவழைத்தேன். "பிள்ளையைக் கண்டிக்க வேண்டியதுதான், அம்மா. கை ஒடியும்படியா கண்டிப்பது?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நான் அவனை அடித்ததில்லை, ஸார். குளிப்பாட்டும்போது கையைப் பிடிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார். உடன் வந்திருந்த அப்பத்தா, "ஊர்க்கண் அத்தனையும் இவன் மேலேதான், தம்பி. நானும் வாரம் தவறாமல் ஆட்டுக்கால் சாறு வைத்துத்தான் கொடுக்கிறேன்" என்றார். இரண்டு பேச்சையும் நான் நம்பவில்லை.

அந்தக் கோடையில் மதுரையில் ஒரு வைத்தியர் பையனைப் பார்த்தார். கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே அவனுடைய கண்களைத்தான் பார்த்தாராம். கண்ணின் வெள்ளை விழி வெள்ளையாக இல்லை. நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு வருஷம் முழுவதும் தினந்தோறும் அந்தக் கண்களை எதிரே வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவன் நான். வைத்தியர் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்; இரத்தத்தைப் பரிசோதிக்க அனுப்பினார்; பிறகு வியாதியின் பெயரைச் சொன்னார். ஆஸ்டியோஜெனிஸிஸ் இம்பர்ஃபெக்டா என்பது வைத்திய நூல் வைத்த பெயர். பிறவியிலேயே எலும்பு நொய்ந்திருத்தல் என்று நாம் சொல்லலாம். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை இந்த வியாதியுடன் பிறக்கிறது.

பையனை ஒருவரும் அடிக்கவில்லை. ஒருவர் கண்ணும் அவன் மேல் படவில்லை. அவன் தேகத்தைக் கட்டுவதற்கு எழுதி வைத்திருந்த ஏட்டில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த ஏடு எது, எழுத்து எது, ஓர் எழுத்து மாறினால் எலும்பு ஏன் ஒடிய வேண்டும் என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

இருபது எழுத்துப் பாஷை

புரதம் என்றவுடன் நமக்குப் பருப்பும் பாலும் முட்டையும் நினைவுக்கு வருகின்றன. அவை ஆகாரத்திலுள்ள புரதங்கள். அவற்றை நம் உடம்பு அப்படியே எடுத்து ஒட்டவைத்துக் கொள்வதில்லை. பழைய வீட்டைப் பிரித்துக் கல் வேறாகவும் மரம் வேறாகவும் எடுத்துப் புது வீடு கட்டுவது போல, உண்ட புரதத்தை வயிறும் குடலும் பிரித்து, அமினோ அமிலங்கள் என்னும் சிறு சிறு உறுப்புகளாக்குகின்றன. அவற்றைக் கொண்டு உடம்பு தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே புதிதாகக் கட்டிக்கொள்கிறது. இப்படிக் கட்ட உதவும் அமினோ அமிலங்கள் இருபது வகை. இருபது எழுத்துக்கள் உள்ள ஒரு பாஷை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புரதமும் அந்த எழுத்துக்களைக் கோத்து எழுதிய நீண்ட ஒரு சொல். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் ஒரு சொல். சர்க்கரையை அடக்கும் இன்சுலின் ஒரு சொல். தலைமயிர் ஒரு சொல். சோற்றை ஜீரணிக்கச் செய்யும் நொதிகள் பல சொற்கள்.

எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்பதற்கு மூல ஏடு நம் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கிறது. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். அந்த ஏட்டிலோ நான்கே எழுத்துக்கள். மும்மூன்றாக அவற்றைச் சேர்த்துப் படித்தால், அநேகமாக ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். நான்கு எழுத்துக்களை மும்மூன்றாக அடுக்கினால் 64 சேர்க்கைகள் கிடைக்கும் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களே கணக்கிட்டுச் சொல்லிவிடுவார்கள். இந்தக் குறியீட்டைப் படித்துக் காட்டியவர்களில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் குரானா. அதற்காக 1968-ம் வருஷத்து நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

மூல ஏட்டைப் பூட்டி வைத்துவிட்டு, வேண்டிய பகுதியை மட்டும் நகல் எடுத்து அனுப்புவது உயிரணுவின் வழக்கம். அந்த நகலைப் படித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கும் பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பட்டறையின் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டியவர்களில் ஒருவர், 1952-ம் வருஷத்தில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் அவர் செய்த இந்த ஆராய்ச்சிக்காக, 2009-ம் வருஷத்தில் தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனாத் ஆகிய இருவருடன் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் எழுத்துக்களைக் கோத்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. நூல் நூற்றுவிட்டால் புடவை ஆகிவிடுமா? கோத்த இழை உரிய முறையில் மடிந்து, சுருண்டு, முறுக்கேறி, தனக்குரிய வடிவத்தை அடைந்தால்தான் புரதம் வேலை செய்யும். வடிவம் கெட்டால் வேலை கெடும். வேலை கெட்டால் வியாதி. இதற்கு முதல் அத்தாட்சி கிடைத்தது இரத்தத்தில். ஒருவகைச் சோகையில் இரத்த அணுக்கள் கதிர் அரிவாள் போல வளைந்துவிடுகின்றன. அது ஹீமோகுளோபின் என்னும் புரதத்தின் கோளாறு என்று 1949-ம் வருஷத்தில் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் அவர் சகாக்களும் காட்டினார்கள். ஹீமோகுளோபினின் ஓர் இழையிலுள்ள 146 அமினோ அமிலங்களில் ஆறாவது ஒன்று மட்டும் மாறியிருக்கிறது என்று பின்னர் இங்கிலாந்தில் வெர்னன் இங்கிராம் கண்டுபிடித்தார். 1952-ம் வருஷத்தில் நம் நீலகிரி மலைவாசிகளின் இரத்தத்திலும் இந்தக் கோளாற்றின் அடையாளம் காணப்பட்டது. ஆகவே இது எங்கோ தூரதேசத்து விவகாரம் அன்று.

சென்னையில் கண்ட முப்புரி

நம் பையனுடைய எலும்புக்கு வருவோம். எலும்பு என்றால் சுண்ணாம்பு என்பது பலருடைய எண்ணம். சுண்ணாம்பு மட்டும் இருந்தால் எலும்பு சாக்குக்கட்டி போல நொறுங்கிவிடும். கட்டடத்தில் சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி ஓடுவது போல, எலும்பின் சுண்ணாம்புக்குள்ளே கொலாஜன் என்னும் புரதக் கயிறுகள் ஓடுகின்றன. நம் உடம்பில் மிக அதிகமாக உள்ள புரதம் இதுவே. தோலுக்கு உறுதி தருவதும், தசையை எலும்போடு கட்டும் நாணும், கண்ணின் வெள்ளை விழியும், பல்லின் உட்பகுதியும் பெரும்பாலும் இதனால் ஆனவை. கொலாஜன் பழுதானால் எலும்பு மட்டுமன்றிக் கண்ணும் பல்லும் காட்டிக்கொடுப்பதன் காரணம் இப்போது விளங்கும். வெள்ளை விழி மெலிந்துவிடுவதால், அதன் உள்ளேயிருக்கும் கரிய படலத்தின் சாயல் வெளியே நீலமாகத் தெரிகிறது.

இந்தக் கொலாஜனின் வடிவம் என்ன என்பது ஒரு காலத்தில் உலக விஞ்ஞானிகளுக்கெல்லாம் புதிராக இருந்தது. அந்தப் புதிரை விடுவித்த இடம் சென்னை.

1952-ம் வருஷத்தில் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். புதிய பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்க சர் ஸி. வி. ராமனை அழைத்தார். ராமன் தாம் வராமல், தம் மாணாக்கரான ஜி. என். ராமச்சந்திரனைச் சிபாரிசு செய்தார். முப்பது வயது நிரம்பாத அந்த இளைஞரைத் துணைவேந்தர் துறைத் தலைவராக அமர்த்தினார். அதே வருஷத்தில் இங்கிலாந்திலிருந்து ஜே. டி. பெர்னால் என்னும் பேரறிஞர் சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று அவர் சொன்னது ராமச்சந்திரனின் மனத்தில் பதிந்தது. ஆராய்ச்சிக்குக் கொலாஜன் வேண்டுமே? மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே, அடையாற்றில் இருந்தது. தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன் அல்லவா? அங்கிருந்து வேண்டியது கிடைத்தது.

ராமச்சந்திரனும் அவருடைய சகா கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மேல் எக்ஸ்ரே கதிரைச் செலுத்திப் படம் பிடித்தார்கள். அத்துடன் ஒரு சிறு விஷயத்தைக் கூர்ந்து கவனித்தார்கள். கொலாஜனிலுள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். இருபது அமினோ அமிலங்களிலும் மிகச் சிறியது இதுதான். ஏன் சரியாக மூன்றில் ஒரு பங்கு? இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் நிற்கிறது. அப்படி நிற்பதால்தான் மூன்று இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே கயிறாக அமைய முடிகிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். 1954-ம் வருஷத்தில் 'நேச்சர்' பத்திரிகையில் அந்தச் செய்தி வெளியாயிற்று. மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கொண்டிருக்கின்றன என்று அடுத்த வருஷத்தில் அவர்களே திருத்தி வெளியிட்டார்கள்.

கயிறு திரிப்பதைப் பார்த்திருக்கும் நேயர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை புலப்படும். புரியை ஒரு பக்கமாக முறுக்கி, மூன்று புரிகளையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் கயிறு பிரியாது. கொலாஜனும் அப்படியே. ஒவ்வோர் இழையும் இடப்பக்க முறுக்கு. மூன்றும் சேர்ந்த கயிறு வலப்பக்க முறுக்கு. தேர்வடம் திரிக்கிறவர் அறிந்த சூட்சுமத்தை நம் எலும்பு என்றோ அறிந்திருக்கிறது.

கேம்பிரிட்ஜில் பிரான்ஸிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் இந்த அமைப்பில் குறை கண்டார்கள். முப்புரி என்பது சரி. ஆனால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். ராமச்சந்திரன் மனம் சோரவில்லை. வீண் வாதமும் செய்யவில்லை. அணுவும் அணுவும் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஓர் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். ஸி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்னும் இருவருடன் சேர்ந்து அவர் 1963-ம் வருஷத்தில் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்', ஒரு புரத இழை எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப இயலாது என்று காட்டுகிறது. (இந்த ராமகிருஷ்ணன் வேறு; நோபல் பரிசு பெற்றவர் வேறு.) இன்றும் உலகத்தில் எங்கே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று சோதிக்க இந்த வரைபடத்தையே எடுக்கிறார்கள். தம் பிழையை ஒருவர் சுட்டினால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது என்பதற்கும் இது பாடமாகும்.

கணக்கு சொல்லும் அதிசயம்

கயிற்றின் உட்புறத்தில் இடம் மிகவும் குறுகல். அங்கே கிளைசின் மட்டுமே நிற்க முடியும். மூல ஏட்டில் ஓர் எழுத்து மாறி, ஓரிடத்தில் கிளைசினுக்குப் பதிலாகச் சற்றுப் பருத்த வேறோர் அமினோ அமிலம் வந்து நின்றால் என்ன ஆகும்? அந்த இடத்தில் முறுக்கு தடைப்படும். ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட இழையில் ஒன்றே ஒன்று மாறியதற்கு இத்தனை தண்டனை! கயிறு பலமிழக்கிறது, எலும்பு நொய்கிறது.

இதில் ஓர் அதிசயமான கணக்கு இருக்கிறது. எலும்புக் கொலாஜனின் மூன்று இழைகளில் இரண்டு ஒரே வகை; மூன்றாவது வேறு வகை. மூல ஏடு நமக்கு இரண்டு பிரதிகள். ஒன்று தகப்பனார் தந்தது, மற்றொன்று தாயார் தந்தது. முதல் வகை இழைக்குரிய இரண்டு பிரதிகளில் ஒன்று பிழையானது என்று வைத்துக்கொள்வோம். இழைகளில் பாதி நல்லவை, பாதி கெட்டவை. ஒரு கயிற்றுக்கு இரண்டு இழை வேண்டும். இரண்டும் நல்லவையாக அமைவது எத்தனை கயிற்றில்? பாதியில் பாதி, அதாவது நான்கில் ஒன்று. மற்ற மூன்று கயிறுகளிலும் ஒரு கெட்ட இழையாவது கலந்திருக்கும். ஏட்டில் பாதிதான் பிழை. கயிற்றில் முக்கால் பங்கு பழுது!

இதைவிட விநோதம் ஒன்று உண்டு. சிலருக்கு அந்த ஏட்டின் ஒரு பிரதி அடியோடு கெட்டு, அதிலிருந்து இழையே உண்டாவதில்லை. அவர்களுக்கு நோய் கடுமையாக இருக்கும் என்றல்லவா எதிர்பார்ப்போம்? அதுதான் இல்லை. அவர்களுக்குக் கயிறு பாதி அளவே உண்டாகிறது. உண்டானவை அனைத்தும் நல்ல கயிறு. ஆகையால் பெரும்பாலும் அவர்கள் நோய் இலேசானது. கெட்ட இழை கலந்திருப்பதைவிட இழை குறைந்திருப்பது மேல். நம் பையனுக்கு வந்தது இந்த இலேசான வகை என்று வைத்தியர் சொன்னதாக அவன் தாயார் பின்னர் என்னிடம் கூறினார்.

ஆட்டுக்கால் சாறும் நெல்லிக்கனியும்

அப்பத்தாளின் ஆட்டுக்கால் சாற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டுக்காலை நெடுநேரம் கொதிக்க வைத்தால் சாறு பிசுபிசுக்கிறது, ஆறினால் உறைந்துவிடுகிறது. ஏன்? கொதியில் கொலாஜனின் முப்புரி பிரிந்து ஜெலட்டின் ஆகிவிடுகிறது. நம் அடுப்பங்கரையிலேயே தினமும் நடக்கும் புரதப் பரிசோதனை இது. சாறு ருசியானது, வாய்க்கும் இதமானது. ஆனால் ஆட்டின் கொலாஜன் நம் எலும்பில் போய் அமர்வதில்லை. முன்பு சொன்னபடி குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் பிரிந்துவிடும். அவற்றை எடுத்துக்கொண்டு உடம்பு மறுபடி கயிறு திரிக்கும்போது, அதே பிழையான ஏட்டைப் பார்த்துத்தான் திரிக்கும். இப்போது அதிக விலைக்கு விற்கும் கொலாஜன் பொடிகளும் அந்த ஏட்டைத் திருத்த மாட்டா.

ஏடு சரியாக இருந்தும் கயிறு கெடும் வியாதி ஒன்று உண்டு. அதுதான் ஸ்கர்வி. கோத்த இழையிலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலங்களில் பலவற்றுக்கு ஒரு சிறு மாற்றம் செய்த பிறகே கயிறு உறுதிப்படும். அந்த மாற்றத்துக்கு வைட்டமின் ஸி இன்றியமையாதது. அது இல்லாவிட்டால், சுமார் 24 பாகை சென்டிகிரேடு வெப்பத்திலேயே முப்புரி பிரிந்துவிடும். நம் உடம்பின் வெப்பமோ 37 பாகை. ஈறு புண்ணாகி, ஆறிய காயமும் பிளந்து, கப்பலில் சென்ற மாலுமிகள் கூட்டங்கூட்டமாக மாண்டது இதனால்தான். 1747-ம் வருஷத்தில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் பன்னிரண்டு நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினார்கள். நம் நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இந்த வைட்டமின் ஏராளம். ஆகாரக் குறையினால் வந்த கோளாறு ஆகாரத்தினால் தீரும். ஏட்டுப் பிழையினால் வந்தது ஆகாரத்தால் மட்டும் தீராது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "தாய் சரியாக ஊட்டவில்லை" என்று பழி சொல்லுகிறவர்கள் நம்மிடையே அநேகர்.

நாம் செய்யத் தக்கது

பிழையைத் திருத்தும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. ஆயினும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. எலும்பு கரைவதைக் குறைக்கும் பிஸ்பாஸ்பொனேட் என்னும் மருந்துவகை உண்டு. 1998-ம் வருஷத்தில் கனடா தேசத்து மாண்ட்ரியல் வைத்தியர்கள், கடுமையான நோயுள்ள குழந்தைகளுக்கு இதனை நரம்பு வழியே செலுத்தி நற்பலன் கண்டதாக வெளியிட்டார்கள். அது முதல் உலகெங்கும் இந்தச் சிகிச்சை நடைபெறுகிறது. நம் இந்திய சர்க்கார் 2021-ம் வருஷத்தில் வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், இந்த வியாதியும் இதற்குரிய இந்த மருந்தும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வளைந்த எலும்புக்குள் உலோகக் கம்பி செருகி நிமிர்த்தும் ரண சிகிச்சையும் உண்டு. வைத்தியர் மேற்பார்வையில் நீரில் செய்யும் தேகப்பயிற்சி தசைக்குப் பலம் தரும். சிறு காயத்துக்கே எலும்பு முறிந்தால், படம் எடுத்துப் பார்க்காமல் இழுத்துக் கட்டுப் போடுவது ஆபத்து.

கைக்குழந்தையாயின், அக்குளைப் பிடித்துத் தூக்குவதும், துணி மாற்றக் கணுக்காலைப் பிடித்து உயர்த்துவதும் கூடா. முதுகையும் பிட்டத்தையும் உள்ளங்கையில் ஏந்தித் தூக்க வேண்டும். இளைஞராகும்போது காது மந்தப்படக்கூடும். அதையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

விவாக விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வியாதி பெரும்பாலும் ஒரு பிரதியின் பிழையால் வருவது. அப்பிழை பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். அல்லது பெற்றோர் இருவருக்கும் இல்லாமல் குழந்தையிடத்தில் புதிதாகத் தோன்றியிருக்கலாம். அங்கே யார் மேலும் குற்றமில்லை. ஆனால் கயிறு திரிக்கத் துணைசெய்யும் வேறு புரதங்கள் கெடுவதால் வரும் சில வகைகள், இரண்டு பிரதிகளும் பிழையானால்தான் தோன்றும். ஒரே பாட்டனாரிடமிருந்து வந்த பிழை, அத்தை மகனிடத்திலும் மாமன் மகளிடத்திலும் மறைந்து கிடந்து, அவர்கள் மணம் செய்துகொள்ளும்போது குழந்தையிடத்தில் ஒன்று சேரக்கூடும். இருவரிடத்திலும் பிழை இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். நம் தமிழ்நாட்டு விவாகங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்தில் நடப்பவை என்று 2019-21-ம் வருஷத்துத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்னும் உறவின் இனிமையை நான் அறியாதவன் அல்லேன். குடும்பத்தில் இத்தகைய குழந்தை ஒன்று பிறந்திருந்தால், அடுத்த சம்பந்தம் பேசுமுன் மரபியல் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றே வேண்டுகிறேன். ஜாதகம் பார்க்கும் வீட்டில் இதையும் பார்ப்பதனால் என்ன குறைந்துவிடும்?

சக உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் அடிபடும் குழந்தைகளும் உலகத்தில் உண்டு. அவர்களைக் காப்பது நம் கடமை. சந்தேகம் வந்தால் வாய்மூடி இருக்கலாகாது. ஆனால் சந்தேகத்தை முதலில் வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். நான் செய்ததுபோல் தீர்ப்பை எழுதிவிட்டுத் தாயாரை அழைக்கக் கூடாது.

கோடை விடுமுறை முடியுமுன் அந்த வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, "அன்றைக்கு நான் பேசியது பெரிய தவறு, அம்மா. மன்னிக்க வேண்டும்" என்றேன். அந்த அம்மாள், "நீங்கள் முகத்துக்கு நேரே கேட்டீர்கள், ஸார். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னே பேசினார்கள்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பதிலை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் அவன் வகுப்பை மாடியிலிருந்து கீழே மாற்றினோம். நெரிசலில் அகப்படாதபடி, மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்பே அவனை வெளியே அனுப்பினோம். அவன் பையைத் தூக்க நண்பர்கள் போட்டி போட்டார்கள். அந்த வருஷம் ஒரே ஒரு முறிவுதான். இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறான். கணக்கில் இன்றும் புலி. நான்கில் மூன்று என்னும் அந்தக் கயிற்றுக் கணக்கை நான் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன், விடையைச் சொன்னவன் அவனே.